கரை வழியாகப் போனவர்

அவர் எந்த ஊருக்கும் நேராகப் போனதில்லை. நேர்ப்பாதை கண்ணெதிரே கிடக்கும். அவர் சைக்கிளைத் திருப்பிக் குளத்தங்கரையில் ஏற்றுவார். ஏன் என்று கேட்டால் அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அது நல்ல காரணமாகவும் இருக்கும். அந்தக் காரணங்களை நான் ஐந்து வருஷம் நம்பினேன்.

எனக்கு இப்போது எண்பது வயது நெருங்குகிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவரை என் சிநேகிதர் என்று சொல்லிக்கொண்டதாக ஆகும். அந்த உரிமையை ஒரு பகல் பொழுதில் நானே கெடுத்துக்கொண்டேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் டிராயிங் மாஸ்டர். நான் அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; வீடு தச்சநல்லூரில். தென்காசிப் பக்கம் ரயில் ஓட ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம். எங்கள் பக்கத்தில் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். என்னுடையது மாமனார் கொடுத்தது. மாஸ்டருடையது, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை அவருக்கு விட்டுப்போனது. மூன்றாவது சைக்கிள், தபாலாபீசில் குமாஸ்தாவாக இருந்த என் பால்ய சிநேகிதன் சங்கரனுடையது. விடுமுறை வந்தால் மூன்று பேரும் இரண்டு நாள், மூன்று நாள் என்று மேற்கே கிளம்பிவிடுவோம்.

வழி போடுவது மாஸ்டர். அதில் மற்ற இருவரும் தலையிடுவதில்லை. சந்தைக்கு வரும் வண்டிக்காரர்களையும் மடை திறக்கிறவர்களையும் பிடித்து வைத்துக்கொண்டு விசாரிப்பார். எந்தக் குளம் எந்த மாதம் நிறையும், எந்த ஓடையில் மணல் ஆழம், எங்கே மருதமர நிழல் என்று எல்லாம் கேட்டுப் படம் எழுதுவார். துணியில் ஒட்டிய காகிதத்தில், குளங்களுக்கு நீலம், மலைக்குக் கருநீலம், எங்கள் வழிக்குச் சிவப்புப் புள்ளிக்கோடு. இறங்கி நின்று பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கண் வரைந்திருப்பார். ஒவ்வொரு ஊருக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் நான்கு குறிப்பு: வழி, முள், நிழல், குடிக்க. படத்தைச் சுருட்டி ஒரு மூங்கில் குழாயில் செருகி, குழாயைத் தம் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொள்வார்.

மேற்கே போவதெல்லாம் காலையில்தான். “மத்தியானத்துக்கு மேல மலை வெறும் பொகை, பிள்ளைவாள். காலையில வெயில் நம்ம முதுகுல அடிக்கும், மலை மூஞ்சியில அடிக்கும். அப்பதான் ஒவ்வொரு மடிப்பும் தெரியும்” என்பார்.

முதல் பயணத்தில் சேரன்மாதேவி தாண்டி ஒரு குளத்தங்கரையில் எங்களை இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார்.

“குளத்துக்குள்ள தள்ளிவிடப் போறீரா வே?” என்றான் சங்கரன். “எம் பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்லுதது?”

“உம்ம பொண்டாட்டி எனக்குக் கும்பிடு போடுவா. பைய நடவும். இன்னும் பத்து எட்டு. ம், இப்பத் தொறங்க.”

பொதிகை முழுவதும் தலைகீழாகத் தண்ணீருக்குள் நின்றது. ஒரு மீன்கொத்தி அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. வட்டங்கள் அடங்க அடங்க மலை மறுபடி சேர்ந்து நின்றது. சங்கரன் வாயை மூடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். மாஸ்டர் மலையைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணங்களைப் பற்றிச் சொன்னேன். கரையில் ஆடு மாடு மேய்க்கிறவர்கள் எதிரே வந்தால் அவர் சட்டென்று சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். “சைக்கிளைக் கண்டா மாடு மிரளும்லா.” பூட்சைக் கழற்றிக் கைப்பிடியில் கட்டிவிட்டு வெறுங்காலோடு மிதிப்பார். “சேறு பட்டாத் தோல் கெட்டுப்போகும்.” சத்திரத்தில் தங்க மாட்டார், எங்காவது ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து வராந்தாவையோ ஆற்று மணலையோ படத்தில் குறித்து வைத்திருப்பார். “சத்திரத்துல மூட்டைப்பூச்சி தின்னுரும் பிள்ளைவாள்.” சாப்பிடும் நேரத்தில் தம்முடைய டப்பாவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவார். “நீங்க சாப்பிடுங்க. வெளிச்சம் மாறுததுக்குள்ள அந்தப் பாறையை எழுதிட்டு வந்திருதேன்.”

மாடு மிரளத்தான் செய்தது. மூட்டைப்பூச்சியும் உண்டு. பாறையை அவர் எழுதியும் காட்டினார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை.

அவருடைய தாய் தகப்பன் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள் என்பதும், அவரை மிஷன் எடுத்துப் படிக்க வைத்தது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க விரும்பவில்லை. தெரிந்திருந்தது, அதை நான் யோசித்ததில்லை. நான் பிறந்த வீட்டில் யோசிக்க அவசியம் இருந்ததில்லை.

ஒருமுறை படத்தைப் பார்ப்பதற்காக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்.

“எனக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல” என்றேன்.

அந்த அம்மாள் டம்ளரைப் பார்த்தார். மாஸ்டர் உடனே, “ஆமா, வெயில் அதிகம்லா. வயித்துக்குக் காப்பி ஒத்துக்கிடாது” என்றார். எனக்கு வேண்டிய காரணத்தையும் அவரே எடுத்துக் கொடுத்தார். அடுத்த முறை போனபோது என் கண் முன்னால் இளநீரைச் சீவிக் காயோடு கையில் தந்தார். எவ்வளவு யோசனையுள்ள மனுஷன் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

அன்று படத்தில் சில ஊர்களுக்குப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகளைக் கண்டு, “இது என்ன மாஸ்டர், எறும்பு மொய்ச்ச மாதிரி?” என்றேன்.

“முள்ளு பிள்ளைவாள். உடைமரத்து முள்ளு. அங்கன போனா டயரு தாங்காது.”

அவருடைய படங்களைப் பள்ளிக்கூடத்து மேலதிகாரியான துரை பார்த்தார். பார்த்துவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலம் வரை நான்கு நாள் வழியை முறையாக எழுதி, எழுதியபடியே ஒரு தரம் போய் வந்து காட்டினால், சிறு புத்தகமாக அச்சுப் போட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். படம் மாஸ்டருடையது, விவரம் எழுத வேண்டியது நான்.

மாஸ்டர் எதற்கும் துள்ளிக் குதிக்கிறவர் இல்லை. அன்று மட்டும் என்னைப் பின்தொடர்ந்து வகுப்பு வாசல் வரை வந்துவிட்டார். “பிள்ளைவாள், அட்டையில நம்ம பேரைப் போடுவாங்கல்லா?”

“போடாம? உம்ம பேருதான் முதல்ல.”

“எங்க அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனா எம் பேரு எழுதியிருந்தா மட்டும் அடையாளம் கண்டுக்கிடுவாரு. சின்னப் பிள்ளையில நான் மண்ணுல எழுதி எழுதிக் காட்டுவேன். அவருக்கு வயசாயிட்டு. கண்ணு இருக்கும்போதே அச்சுல பாத்துட்டா நல்லது.”

அந்த மழைக்காலம் முழுவதும் படத்தைத் திருத்தித் திருத்தி எழுதினார். கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் கிளம்பினோம். குளங்கள் எல்லாம் நிறைந்து கிடந்தன. இரண்டு நாள் அவர் போட்ட கோட்டை விட்டு ஓரடி விலகாமல் போனோம். ஒவ்வொரு கண்ணிலும் இறங்கி நின்றோம். பாபநாசத்தில் குளித்தோம்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணி இருக்கும். ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி வந்துவிட்டோம். அந்த ஊரின் பெயரையும் நான் சொல்லவில்லை. வண்டிப்பாதை நேராக ஊருக்குள் போயிற்று. சிவப்புக் கோடோ மேற்கே வளைந்து ஒரு பெரிய குளத்தின் கரையில் ஏறி, ஊரைச் சுற்றிக்கொண்டு போய் வடக்கே மறுபடி பாதையில் சேர்ந்தது. விடியலில் பெய்த மழையில் கரை களிமண்ணாகக் குழைந்து கிடந்தது. எனக்குத் தாகம்.

“நேரா போவோம் மாஸ்டர்” என்றேன்.

“கரை வழியாப் போயிருவோம் பிள்ளைவாள். பாதிக் கரையில ஒரு கண்ணு இருக்கு. மலை அப்படியே பக்கத்துல வந்து நிக்கும்.”

“மூணு நாளா மலையத்தான பாக்கோம். ஒரு மலையைப் பாக்காட்டா என்ன?”

“முள்ளு…”

“வண்டி போற பாதை வே. என்ன முள்ளு?”

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். “அப்ப நீங்க ரெண்டு பேரும் தெரு வழியாப் போங்க. நான் கரை வழியா வந்து சேந்துக்கிடுதேன்.”

அதோடு நான் விட்டிருக்கலாம். சங்கரன்கூட, “விடும்வே, அவரு வருவாரு” என்றான். எனக்கு அன்று ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. கணக்கு வாத்தியார் அல்லவா? இரண்டு மைல் வீணாகச் சுற்றுவது தப்பு என்று நிரூபிக்க வேண்டும் போல இருந்தது.

“மூணு பேரும் பிரியாமப் போகணும்னு சட்டம் போட்டது நீர்தான?” என்று சிரித்துக்கொண்டே அவர் கைப்பிடியிலிருந்த மூங்கில் குழாயை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன். “படம் வேணும்னா பின்னால வாரும்!” என்று கத்திவிட்டு மிதித்தேன். அதற்கு வேறு பிரதி கிடையாது. அது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

தெருவில் ஒரு முள் இல்லை. சாணம் தெளித்துப் பெருக்கிக் கோலம் போட்ட தெரு. கோயிலுக்கு எதிரே வேப்பமரத்து மேடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் ஒருவர் எழுந்து வந்து எங்களை நிறுத்தினார்.

“வாங்க, வாங்க. எந்த ஊரு?”

“தச்சநல்லூர்.”

“யாரு வீட்டுப் பிள்ளை?”

சொன்னேன். அவருக்கு என் பெரியப்பாவைத் தெரிந்திருந்தது. அதற்குமேல் எங்களை விடவில்லை. மேடையில் உட்கார வைத்து, எதிர் வீட்டிலிருந்து பித்தளைச் செம்பில் மோரும் இரண்டு டம்ளரும் வரவழைத்தார். கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்ட மோர். நான் முதல் வாய் குடித்தபோது தெருக்கோடியில் மாஸ்டர் தெரிந்தார்.

அவர் ஏறி வரவில்லை. உருட்டிக்கொண்டு வந்தார். வெறுங்கால். பூட்சு கைப்பிடியில் ஆடியது. ஆனால் கோட்டும் தலைப்பாகையும் இருந்தன. பெரியவர் கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்த்தார்.

“அவரும் உங்ககூட வந்தவரா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவரே இரண்டடி முன்னால் போய், “ஐயாவுக்கு எந்த ஊரு?” என்று கேட்டார்.

எதற்கும் ஒரு காரணம் வைத்திருந்த அந்த மனுஷன் அன்று ஒன்றும் சொல்லித் தப்பிக்கவில்லை. தம் ஊரைச் சொன்னார். யார் மகன் என்ற கேள்விக்குத் தகப்பன் பெயரைச் சொன்னார். அந்த இரண்டும் அவர்களுக்குப் போதும்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “இவன் உங்ககூட வந்தவனா?”

நான் கையில் டம்ளரோடு இருந்தேன். அவர் என் சிநேகிதர், என்னோடு வேலை பார்க்கிறவர் என்று சொல்ல நாலு வார்த்தை போதும். சொன்னால் அடித்துவிடவா போகிறார்கள்? அதிகம் போனால் மோரைத் திருப்பி வாங்கியிருப்பார்கள். பெரியப்பா காதுக்குப் போயிருக்கும். அவ்வளவுதான்.

“சைக்கிள் தூக்க வந்த ஆள்” என்றேன். “ஓடை, மணல் வந்தாத் தூக்கணும்லா.”

“தூக்க வந்தவன் ஏன் உருட்டுதான்?” என்றார் பெரியவர். பிறகு மாஸ்டரிடம், “ஏலே, வந்த வழியே தூக்கிட்டுப் போ. கோட்டைக் கழத்து.”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் அதட்டவில்லை. இந்த வயதுக்குள் நான் பலவற்றைப் பார்த்துவிட்டேன். அந்தச் சாதாரணக் குரல்தான் இன்னும் என்னைத் தூக்கிவாரிப் போடுகிறது. வண்டிக்கு வழிவிடச் சொல்வது போலச் சொன்னார். மாஸ்டர் கோட்டைக் கழற்றி மடித்துச் சைக்கிளின் பின்பக்கம் கட்டினார். தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டார். குனிந்து சைக்கிளைத் தூக்கித் தலையில் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் இருந்த குழாயை ஒரு தரம் பார்த்தார். பிறகு திரும்பித் தெருவின் நீளத்துக்கும் நடந்தார். பின் சக்கரம் காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே போயிற்று. பூட்சு இரண்டும் அவர் தோளில் இடித்துக்கொண்டு போயின.

நான் மோரைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். சங்கரன் தன்னுடையதைத் தொடவில்லை.

ஊருக்கு வடக்கே, கரை வந்து பாதையில் சேருமிடத்தில் காத்திருந்தோம்.  “ஏன்வே அப்படிச் சொன்னீரு?” என்றான் சங்கரன்.  கையை என்ன செய்வது என்று தெரியாமல் குழாயைத் திறந்து படத்தை மடியில் விரித்தேன்.

கறுப்புப் புள்ளிகள். முதல் முறையாக அவற்றை எண்ணினேன், இருபத்து மூன்று. காட்டிலோ மேட்டிலோ ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாதை ஊர்த்தெருவுக்குள் நுழைகிற இடங்கள். ஒவ்வொரு புள்ளியைக் கண்டதும் சிவப்புக் கோடு விலகிக் கரை ஏறியது. ஏறிய ஒவ்வொரு கரையிலும் ஒரு கண்.

எட்டிப் பார்த்த சங்கரன் சொன்னான்: “உடை மரம் எல்லாம் ஊருக்குள்ளதான் இருக்கு போல.”

 மாடு, பூட்சு, மூட்டைப்பூச்சி, பாறை, இளநீர் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. ஐந்து வருஷமாக எங்கள் கண்ணுக்காகவே அந்த மனுஷன் வழி போடுகிறார் என்று நினைத்திருந்தேன். தமக்கு நடக்க இடம் இருந்த ஓரத்தில் நடந்துகொண்டு, அந்த ஓரத்திலிருந்து தெரிந்ததை எல்லாம் எங்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் கரை வழியாக வந்தார். முழங்கால் வரை களிமண். கோட்டுப் போட்டிருந்தார், தலைப்பாகையைத் திருத்தமாகக் கட்டியிருந்தார். சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, “பிள்ளைவாள், குளத்துல கூழைக்கடாப் பறவை எறங்கியிருக்கு. முப்பது நாப்பது இருக்கும். நீங்க பாத்திருக்கணும்” என்றார்.

குழாயை நீட்டினேன். வாங்கி மாட்டிக்கொண்டார். “மாஸ்டர், அங்கன நான்…” என்று ஆரம்பித்தேன்.

“வெயில் அதிகம்லா பிள்ளைவாள்” என்றார். “பொறப்படுவோம். கடையத்துக்கு இருட்டுததுக்கு முன்னால போயிரணும்.”

இரண்டாவது தடவையும் எனக்குக் காரணத்தை அவர்தான் கொடுத்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

மிச்சப் பயணத்தை எழுதியபடியே முடித்தார். குற்றாலத்தில் எந்தப் பாறையில் நின்றால் சாரலில் வானவில் தெரியும் என்று காட்டினார். நாங்கள் போய் நின்றோம். தெரிந்தது.

பொங்கல் கழிந்து அவர் புதுப் படம் ஒன்றை என் மேஜையில் வைத்தார். நான் விவரம் எழுத வேண்டிய படம். பிரித்துப் பார்த்தேன். ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. சிவப்புக் கோடு எல்லா ஊர்களுக்குள்ளும் புகுந்து நேராகப் போயிற்று. ஓரத்தில் ஒவ்வொரு ஊருக்கும், கரையைச் சுற்றாததால் மிச்சமான தூரத்தைக் குறித்திருந்தார். கணக்கு வாத்தியார் பார்ப்பாரே என்று எழுதியது போலச் சுத்தமாக இருந்தது.

“கண்ணு எல்லாம் எங்க மாஸ்டர்?”

“அது கரையிலல்லா இருந்துது. நேர் வழியில பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல பிள்ளைவாள்.”

“பழைய படத்தையே கொடுப்போமே.”

“அது ஒரு ஆளுக்குப் போட்ட படம். புத்தகம் எல்லாருக்கும்லா?”

கோபம் இருந்ததா என்று அவர் முகத்தில் தேடினேன். படம் எழுதுகிறவர் ஒரு பிழையைத் திருத்தியது போலத்தான் இருந்தார். துரை அந்தப் படத்தைப் பார்த்து, “இதில் பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டாராம். புத்தகம் அச்சாகவில்லை. அந்த வருஷமே மாஸ்டர் பள்ளிக்கூடத்தை விட்டு, தூத்துக்குடியில் கப்பல் ஏறி, இலங்கையில் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். வழியனுப்ப சங்கரன் போனான். நான் போகவில்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அவருடைய தகப்பனார் அடுத்த கோடையில் காலமானதாகக் கேள்வி.

பழைய படம் என்ன ஆயிற்று என்று தெரியாது. புதுப் படம் என்னிடம் இருக்கிறது. துணி நைந்துவிட்டது, எழுத்து மங்கவில்லை. அந்த ஊருக்குப் பக்கத்தில் அவர் வழக்கம்போல நான்கு குறிப்பும் எழுதியிருக்கிறார்.

வழி: நேர், இரண்டு மைல் மிச்சம். முள்: இல்லை. நிழல்: வேப்பமரம். குடிக்க: மோர் கிடைக்கும்.